நெல் விளைவை மதிப்பிடுதல்: சராசரியும் அதன் பிழையும்

ஒரு கிராமத்தில் நெல் எவ்வளவு விளைந்தது என்பதைச் சரியாக அறிதல் சர்க்காருக்கு மட்டுமன்றி, நிலமுடையோர் ஒவ்வொருவருக்கும் அவசியமான விஷயமாகும். 2016ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், நஷ்ட ஈடு பெரும்பாலும் தனித்தனி வயலைப் பார்த்துக் கணக்கிடப்படுவதில்லை. கிராமம் முழுவதற்குமான சராசரி மகசூலே அதற்கு முக்கிய ஆதாரம். கிராமத்தின் எல்லா வயல்களையும் அறுத்து நிறுத்துப் பார்ப்பது நடவாத காரியம். ஆகவே சில இடங்களில் மட்டும் அறுத்து நிறுத்து, அதிலிருந்து முழுமைக்கும் கணக்கிடுகின்றனர். இதனையே பயிர் அறுவடைப் பரிசோதனை என்பர்.

கண் மதிப்பின் குறை

முற்காலத்தில் கிராம அதிகாரிகள் பயிரைக் கண்ணால் பார்த்து, நல்ல விளைச்சலை இத்தனை அணா என்று வைத்துக்கொண்டு, இவ்வாண்டு இத்தனை அணா எனக் குறித்து அனுப்பி வந்தனர். அனுபவம் மிக்க கண்ணாயினும், அது பாதையோரத்து வயலையே முதலில் பார்க்கும். செழித்த பயிரும் அடியோடு கெட்ட பயிரும் மனத்தில் பதியும், நடுத்தரமானது பதியாது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பழமொழி. பானையில் கொதிநீர் எல்லா அரிசிக்கும் ஒன்றாகப் பாய்வதால் அது பொருந்தும். வாய்க்கால் தலைமடைக்கும் கடைமடைக்கும் ஒன்றாகப் பாய்வதில்லை. ஆதலால் வயலுக்கு ஒரு சோறு போதாது; எடுக்கும் சோற்றையும் எடுப்பவர் விருப்பத்திற்கு விடலாகாது.

திருவுளச் சீட்டு முறை

இக்குறைக்குப் பரிகாரம் கண்டவர்களில் முக்கியமானவர் ஜே. ஏ. ஹப்பக் என்னும் சிவில் உத்தியோகஸ்தர். பிற்காலத்தில் ஒரிஸ்ஸாவின் முதல் கவர்னராக விளங்கிய இவர், 1923 முதல் 1925 வரை பீஹார், ஒரிஸ்ஸாப் பகுதிகளில் நெல் வயல்களைத் திருவுளச் சீட்டுப் போன்ற முறையில் தேர்ந்தெடுத்து அறுத்து நிறுத்தார். அவர் அறுத்த இடம் ஒவ்வொன்றும் ஏக்கரில் 3,200இல் ஒரு பங்கு. ஒரு மணங்கு 3,200 தோலா ஆகையால், அங்கே எத்தனை தோலா நெல் கிடைத்ததோ, ஏக்கருக்கு அத்தனை மணங்கு என்று கணக்கின்றியே அறியலாயிற்று. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் புள்ளியியலை வளர்த்த ஆர். ஏ. ஃபிஷர், தம் முறைகளுக்கு ஹப்பக்கின் வேலை துணை செய்ததை ஒப்புக்கொண்டார்.

இப்போதைய முறையில் முதலில் சர்வே எண் குலுக்கல் எண்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறது. பின்னர் வயலின் தென்மேற்கு மூலையிலிருந்து நீளவாட்டிலும் அகலவாட்டிலும் எவ்வளவு தூரம் செல்வது என்பதும் அவ்வாறே நிர்ணயமாகிறது. வயல் 60 மீட்டர் நீளமும் 40 மீட்டர் அகலமும் உடையதாயின், 5 மீட்டர்ச் சதுரம் வயலுக்குள் அடங்கும்பொருட்டு, நீளத்திற்கு 55க்கும் அகலத்திற்கு 35க்கும் மேற்படாத எண்களே எடுக்கப்படும். இம்முறையில் எவ்விடத்திற்கும் வாய்ப்பு உண்டு. எவருடைய விருப்பத்திற்கும் இடமில்லை.

சராசரியும் ஏற்றத்தாழ்வும்

5 மீட்டர்ச் சதுரம் 25 சதுர மீட்டர். ஒரு ஹெக்டேர் இதைப் போல் 400 மடங்கு. உதாரணமாக, ஒரு கிராமத்தின் நான்கு சதுரங்களில் முறையே 8, 11, 13, 16 கிலோ நெல் கிடைத்ததாகக் கொள்க. கூட்டுத்தொகை 48, சராசரி 12 கிலோ, ஹெக்டேருக்கு 4,800 கிலோ. அடுத்த கிராமத்தில் 11, 12, 12, 13 கிலோ கிடைத்தால் அங்கும் சராசரி அதுவே. ஆயினும் இரண்டு சராசரிகளையும் ஒரே அளவு நம்புதல் தகாது.

ஒவ்வோர் எடையும் சராசரியினின்று எவ்வளவு விலகியுள்ளது என்று கண்டு, அவ்விலக்கங்களை வர்க்கமாக்கிக் கூட்டி, சதுரங்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுத்து, வர்க்கமூலம் காண்பது திட்ட விலக்கம் எனப்படும். முதற் கிராமத்தில் வர்க்கங்களின் தொகை 34. அதை 3ஆல் வகுத்து மூலம் கண்டால் ஏறக்குறைய 3.37 கிலோ. இரண்டாவதில் தொகை 2, விலக்கம் 0.82 கிலோ.

இதனை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால், அதாவது இங்கே 2ஆல், வகுத்தால் சராசரியின் திட்டப்பிழை கிடைக்கும். ஹெக்டேர்க் கணக்கில் முதற் கிராமத்திற்கு இது சுமார் 673 கிலோ. இரண்டாவதற்குச் சுமார் 163 கிலோ. பிழையைப் பாதியாக்க வேண்டுமாயின், சதுரங்களை இருமடங்காக்கினால் போதாது. நான்கு மடங்காக்க வேண்டும்.

எண்ணிக்கையால் தீராத பிழை

மேற்கூறிய பிழை தற்செயலானது. சோதனைகளைக் கூட்டக் கூட்டக் குறையும். ஒரே பக்கம் சாயும் பிழையோ அத்தகையதன்று. நல்ல வயலையே நாடுதல், பதரோடு நிறுத்தல், ஈரநெல்லை உலர்ந்ததாக எழுதுதல் ஆகியவை ஆயிரம் சோதனை செய்யினும் நீங்கா.

1940களில் பி. வி. சுகாத்மே இந்திய விவசாய ஆராய்ச்சிக் கவுன்சிலில் செய்த ஆய்வுகள் இதனை நன்கு விளக்கின. மிகச் சிறிய துண்டுகளில் அறுத்தபோது, பெரிய துண்டுகளைவிடக் கூடுதலான மகசூல் தோன்றியது. எல்லையோரத்துப் பயிரை உள்ளே சேர்த்துவிடும் இயல்பே இதற்குக் காரணம். 1 மீட்டர்ச் சதுரத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 4 மீட்டர் எல்லை உண்டு. 5 மீட்டர்ச் சதுரத்திலோ 0.8 மீட்டரே. துண்டு சிறுத்தால் எல்லைத் தவறு பெருக்கும் என்பது இதனால் விளங்கும்.

ஒரு கிலோவின் விலை

காப்பீட்டில், முந்தைய ஆண்டுகளின் மகசூலைக் கொண்டு ஓர் உத்தரவாத மகசூல் வகுக்கப்படுகிறது. இவ்வாண்டு மகசூல் அதற்கு எத்தனை சதவீதம் குறைந்ததோ, காப்பீட்டுத் தொகையில் அத்தனை சதவீதம் ஈடாகும். உத்தரவாத மகசூல் ஹெக்டேருக்கு 4,000 கிலோ என்றும், அறுவடைச் சோதனை ஒன்றே இவ்வாண்டு மகசூலைத் தீர்மானிக்கிறது என்றும் கொள்க. சதுரத்திற்குச் சராசரி 8 கிலோவாயின் மகசூல் 3,200; குறைவு 20 சதவீதம். அதுவே 9 கிலோ என்று எழுதப்பட்டால் மகசூல் 3,600; குறைவு 10 சதவீதம். சதுரத்திற்கு ஒரு கிலோ ஏறிய அளவிலே கிராமம் முழுவதற்கும் ஈடு பாதியாகிறது.

மாறாக, ஈட்டை நாடி மகசூலைக் குறைத்துக் காட்டுவதும் நன்மையன்று. அவ்வாறு பல ஆண்டுகள் பதிந்த குறைந்த எண்களே பின்னர் உத்தரவாத மகசூலையும் தாழ்த்திவிடும்.

கவனிக்க வேண்டியவை

1. தேர்வான வயலைப் பயிர் மோசம் என்றோ நன்று என்றோ மாற்றலாகாது. சதுரம் விழுந்த இடத்தையும் நகர்த்தலாகாது.

2. கயிற்றை நன்றாக இழுத்துக் கட்டி, மூலைகள் சதுரமாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். வேர் உள்ளே இருப்பின், கதிர் வெளியே சாய்ந்திருந்தாலும் சேர்த்து அறுக்க வேண்டும். வேர் வெளியே இருப்பின் விட்டுவிட வேண்டும்.

3. நெல்லைத் தூற்றிய பின்னரே நிறுக்க வேண்டும். அதில் ஒரு பகுதியை உலர்த்தி மீண்டும் நிறுத்து, ஈரக் கழிவைக் கணக்கிட வேண்டும்.

4. எடையை அங்கேயே பதிந்துகொள்ள வேண்டும். வயலுடையவரும் உடனிருந்து பார்த்தல் நலம்.

கிராம அதிகாரி கயிறு பிடிக்கும் அரைமணி நேரமும், வயலுடையவர் அருகில் நிற்கும் அரைமணி நேரமும் வீணல்ல. அன்று நிறுத்த நெல் நான்கு கூடையே ஆயினும், அதைக் கொண்டே ஊரார் அனைவரின் கணக்கும் எழுதப்படுகிறது.