பாப்பாவுக்கு எந்த க்ளாஸ்?

"அக்கா, இவளை எதுல சேர்க்கலாம்னு பாருங்களேன்" என்று எதிர் ஃபிளாட் பெண் கைப்பேசியை நீட்டினாள். இடுப்பில் இருந்த 'இவளுக்கு' 7 மாதம். அப்பார்ட்மெண்ட் வாட்ஸாப் குரூப்பில் வந்த நான்கு விளம்பரங்கள்: பேபி மசாஜ், பேபி ஸ்விம்மிங், அம்மாவும் பாப்பாவும் சேர்ந்து பாடும் மியூசிக் க்ளாஸ், அப்புறம் கொட்டை எழுத்தில் 'பிரெயின் டெவலப்மென்ட்'. மற்ற மூன்றின் ஃபீஸையும் கூட்டினாலும் கடைசியதன் பக்கத்தில் வராது. நாங்கள் படித்துக்கொண்டிருந்த நேரத்தில், அந்த மூளை வளர்ச்சிக்கு உரியவள் என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கி, வாயில் வைத்துப் பார்த்து, கீழே போட்டு, அது விழுந்த சத்தத்தைக் கேட்டு, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

நம் வீடுகளுக்கு இந்தக் கேள்வி புதிது. அத்தை, பெரியம்மா, பக்கத்து வீட்டு ஆச்சி என்று குழந்தை கை மாறிக்கொண்டே இருந்த வீட்டில் க்ளாஸ் எதற்கு? ஓ.எம்.ஆர். பக்கத்து ஃபிளாட்டில் நிலைமை வேறு. பிரசவம் பார்க்க வந்த அம்மா மூன்றாம் மாதம் ஊருக்குத் திரும்பிவிடுகிறார். கணவர் காலை 8 மணிக்குக் கிளம்பினால் இரவு 8 மணிக்கு வருகிறார். பேசத் தெரியாத ஓர் உயிரோடு 12 மணி நேரம். வாரத்தில் ஒரு நாள் வெளியே போய், இதே பாடு படும் இன்னும் ஐந்தாறு பேரைப் பார்த்துவிட்டு வருவதை ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன். எதற்காகப் போகிறோம் என்பது மட்டும் தெளிவாக இருக்க வேண்டும்.

மாறியது யார்?

நான்காவது விளம்பரத்தை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அமெரிக்காவில் சூசன் நியூமன் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவும் 9 முதல் 18 மாதம் வரையிலான 117 குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு 2014இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு, கைக்குழந்தைக்கு வாசிக்கச் சொல்லித்தருவதாக விற்கப்பட்ட டிவிடி, ஃபிளாஷ் கார்டு, புத்தகம் எல்லாம் கொடுத்தார்கள். வீட்டில் 7 மாதம் பயிற்சி. பிறகு 14 விதமாகச் சோதித்துப் பார்த்தார்கள். 13இல் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசமே இல்லை. மிஞ்சிய ஒன்றில் மட்டும் முன்னேற்றம் தெரிந்தது: 'என் குழந்தை கற்றுக்கொள்கிறது' என்ற பெற்றோரின் நம்பிக்கை.

மோட்சார்ட் இசை கேட்டால் குழந்தைக்கு அறிவு கூடும் என்பதும் இந்த ரகம்தான். 1993இல் வந்த அந்த ஆய்வில் குழந்தை ஒன்றுகூட இல்லை. 36 கல்லூரி மாணவர்கள் 10 நிமிடம் கேட்டார்கள். ஒரு வகைப் புதிரில் சற்றே நன்றாகச் செய்தார்கள். கால் மணி நேரத்தில் அதுவும் போய்விட்டது. அது 'பேபி' ஆனதெல்லாம் கடைக்காரர்களின் கைங்கரியம்.

குழந்தை எதிலிருந்து கற்கிறது என்பதற்கு எனக்குப் பிடித்த சோதனை பாட்ரிஷியா கூல் என்ற ஆய்வாளர் செய்தது, 2003இல் வெளிவந்தது. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த 9 மாத அமெரிக்கக் குழந்தைகளோடு, சீன மொழி பேசுபவர்கள் 12 தடவை உட்கார்ந்து கதை சொல்லி விளையாடினார்கள். குழந்தைகளுக்குச் சீன ஒலிகளைப் பிரித்தறியும் திறன் வந்தது. அதே ஆட்கள் அதே பேச்சைத் திரையில் பேசியதைப் பார்த்த குழந்தைகளுக்கு எதுவும் வரவில்லை. ஆகவே டிவி மாட்டியிருக்கும் க்ளாஸ் என்றால் வாசலோடு திரும்பிவிடலாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2019இல் சொல்லிவிட்டது.

செங்கீரை மாதம், சப்பாணி மாதம்

'0 முதல் 2 வயது வரை' என்று ஒரே அறையில் எல்லோரையும் போடும் க்ளாஸ்கள் உண்டு. 5 மாதக் குழந்தைக்கும் 20 மாதக் குழந்தைக்கும் ஒரே பாடம் என்பது, எல்.கே.ஜி. பிள்ளையையும் பத்தாம் வகுப்பு மாணவனையும் ஒரே பெஞ்சில் உட்கார வைப்பது போலத்தான். ஓடும் குழந்தை தவழும் குழந்தையின் விரலை மிதிக்கும் என்பது இன்னொரு கவலை.

இந்த விஷயத்தில் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் கெட்டிக்காரர்கள். 5ஆம் மாதத்தைச் செங்கீரைப் பருவம் என்றார்கள்: ஒரு காலை மடக்கி, மற்றதை நீட்டி, இரு கைகளையும் தரையில் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவது. 9ஆம் மாதம் சப்பாணி, அதாவது கை கொட்டுவது. இன்றைக்கு 'டம்மி டைம்' என்று டாக்டர்கள் சொல்வது செங்கீரைக்கு ஆயத்தம். இன்னும் நகரத் தொடங்காத குழந்தை விழித்திருக்கும் நேரத்தில், விட்டு விட்டுச் சேர்த்தால் நாளுக்கு 30 நிமிடமாவது குப்புறக் கிடக்க வேண்டும் என்பது மேலே சொன்ன 2019 அறிக்கையின் கணக்கு. க்ளாஸில் குழந்தைகள் பாயில் கிடக்கிறார்களா, குஷன் சீட்டில் கட்டி உட்கார வைக்கப்பட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். சக்கரம் வைத்த வாக்கர் அறையில் தென்பட்டால் அங்கே குழந்தை வளர்ச்சி தெரிந்தவர் யாருமில்லை என்று வைத்துக்கொள்ளலாம். கனடா 2004லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. நம் மர நடைவண்டி வேறு ஜாதி. அதில் குழந்தை உள்ளே உட்காருவதில்லை, பின்னால் நின்று தள்ளுகிறது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தையென்றால், பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல் டாக்டர் முதலில் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து மாதத்தை எண்ணுங்கள்.

எண்ணெய் நம்முடையது

பேபி மசாஜ் க்ளாஸ் விளம்பரத்தில் வெள்ளைக்காரக் குழந்தை படம் இருக்கும். நுட்பம் போனது இங்கிருந்து. பிரெஞ்சு மருத்துவர் ஃபிரெடரிக் லெபோயே, கொல்கத்தாவில் ஒரு தாய் தன் குழந்தையைத் தேய்த்துவிடுவதைப் பார்த்து மலைத்துப்போய், 1976இல் அவள் பெயரிலேயே 'ஷாந்தலா' என்று படங்களோடு புத்தகம் போட்டார். விமலா மெக்ளூர் என்ற அமெரிக்கப் பெண் வட இந்தியாவில் ஓர் ஆதரவற்றோர் இல்லத்தில் வேலை செய்தபோது பார்த்ததை ஊருக்குக் கொண்டுபோய்ப் பாடத்திட்டமாக்கினார். கடல் தாண்டிப் போனது சான்றிதழோடு திரும்பி வந்திருக்கிறது.

இப்படிச் சொல்வதால், காலை நீட்டி உட்கார்ந்து குளிப்பாட்டும் பாட்டிமார் செய்ததெல்லாம் சரி என்று ஆகிவிடாது. மூக்கில் எண்ணெய் விடுவது நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். பிறந்த குழந்தையின் மார்பைப் பிதுக்கிப் 'பால் எடுப்பது' சீழ் வைக்கும். குளித்ததும் முகத்துக்கு நேரே சாம்பிராணிப் புகை போடுவதும் வேண்டாம். நல்ல மசாஜ் க்ளாஸில் இவை இருக்காது. அங்கே ஆசிரியர் கையில் பொம்மை இருக்கும்; உங்கள் குழந்தையைத் தொடுவது நீங்கள் மட்டுமே. குழந்தை முகத்தைத் திருப்பினால், முதுகை வில்லாக வளைத்தால், கையை நிறுத்தச் சொல்லித்தருவார்கள். பாட்டியின் கைவாகில் இல்லாத ஒன்று இதுதான். அவர் அழ அழத் தேய்ப்பார், அழுதால் உடம்புக்கு நல்லது என்பார்.

எண்ணெயை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். வாசனை சேர்த்தது வேண்டாம். தோலில் கரப்பான், வெடிப்பு இருந்தால் குழந்தை மருத்துவரைக் கேட்காமல் எதையும் தடவ வேண்டாம். இரண்டு மூன்று வாரத்தில் கை பழகிவிடும். அதற்குப் பிறகும் '24 வார கோர்ஸ்' என்றால், எதற்கு என்று கேளுங்கள்.

தண்ணீர்

நீச்சல் க்ளாஸில் ஒரு வயதுக்குள் எந்தக் குழந்தையும் நீந்தக் கற்பதில்லை. அங்கே நடப்பது உங்களோடு தண்ணீரில் விளையாட்டு. அப்படி நினைத்துப் போனால் சந்தோஷமான விஷயம். முங்கினாலும் தப்பிக்கும் என்று நினைத்துப் போனால் ஆபத்து. ஒரு வயதுக்குள் தரும் பயிற்சி மூழ்குவதைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிறது. ஒரு வயதுக்கு மேல் தரும் பயிற்சி பயன்படலாம் என்கிறது. எந்த வயதிலும் கைக்கு எட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இருந்தாக வேண்டும்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி, தண்ணீரின் சூடு எவ்வளவு? சின்னக் குழந்தைக்கு 32 டிகிரி செல்சியஸாவது வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு என்ன என்று தோன்றும். டிசம்பர் காலையில் அப்பார்ட்மெண்ட் குளத்தில் கால் வைத்தால் தெரியும். உதடு நீலமானாலோ நடுங்கினாலோ உடனே வெளியே எடுங்கள், க்ளாஸ் பாதியில் இருந்தாலும். குளோரின் நெடி மூக்கைத் துளைத்தால் சுத்தமான குளம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்தால்தான் அந்த நெடி. குழந்தையின் தலையை வலுக்கட்டாயமாக முக்கி எடுக்கும் பயிற்சியாளரிடம் விவாதிக்க வேண்டாம். துண்டை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

பாட்டு யாருக்கு?

என் ஓட்டு மியூசிக் க்ளாஸுக்குத்தான். ஆனால் குழந்தையை மட்டும் வைத்துப் போட்ட ஓட்டு இல்லை இது.

லண்டனில் நடந்த ஆய்வு ஒன்று, 2018இல் வெளியானது. பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வின் அறிகுறி இருந்த 134 தாய்மார்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் குழந்தையோடு சேர்ந்து பாடும் வகுப்புக்கு 10 வாரம் போனார்கள். இன்னொரு பிரிவினர் விளையாட்டு வகுப்புக்குப் போனார்கள். மூன்றாம் பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். கடைசியில் எல்லோருமே ஓரளவு தேறினார்கள். ஆனால் சோர்வு அதிகமாக இருந்தவர்களில், பாடியவர்கள்தான் சீக்கிரம் மேலே வந்தார்கள். அந்த மாதங்களில் ஒரு மாதம் முன்னதாகச் சிரிக்க முடிவது பெரிய விஷயம்.

குரல் நன்றாக இல்லையே என்பவர்களுக்கு: தாலாட்டுப் பாடியவர்களெல்லாம் சபாவில் ஏறியவர்கள் இல்லை. ஸ்பீக்கரைத்தான் கவனியுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால் அந்தச் சத்தம் குழந்தையின் காதுக்கு அதிகம்.

எந்தக் க்ளாஸும் சிகிச்சை ஆகாது. இரண்டு வாரத்துக்கு மேலாக அழுகை, குற்ற உணர்ச்சி, குழந்தை தூங்கினாலும் தனக்குத் தூக்கம் வராமை, குழந்தையைப் பார்த்தால் வெறுமை என்றிருந்தால் டாக்டரிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள். டெலி மானஸ் எண் 14416. எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்று தோன்றினால் அன்றைக்கே, அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. வீட்டில் இருப்பவர்களும் இதைப் படித்து வைத்துக்கொள்வது நல்லது. அவள் சொல்லாமல் இருக்கலாம்.

டெமோ க்ளாஸில் ஓரமாக உட்கார்ந்து

பணம் கட்டுமுன் ஒரு தடவை சும்மா போய்ப் பாருங்கள். நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: ஒரு குழந்தை அழும்போது ஆசிரியர் என்ன செய்கிறார்? ஒரு இடத்தில் அந்த மேடம் புன்னகை மாறாமல் "மம்மி, கொஞ்சம் வெளியில வெச்சு சமாதானப்படுத்திட்டு வாங்க" என்றார். அந்தப் பெண் பாதி நேரம் வராந்தாவில் நின்றாள், முகம் செத்துப்போய். பால் கொடுக்கவோ டயப்பர் மாற்றவோ தூங்க வைக்கவோ நடுவில் எழுந்தால் யாரும் திரும்பிப் பார்க்காத இடம்தான் நமக்கு வேண்டிய இடம்.

அப்புறம் தரை, கை கழுவும் இடம், வாயில் போன பொம்மையை எடுத்துத் தனியாக வைக்கிறார்களா என்பது. சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தால் வராதீர்கள், அந்த வார ஃபீஸை அடுத்த வாரத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று சொல்லும் இடத்தை நம்பலாம். பணம் திரும்ப வராது என்றால் ஒழுகும் மூக்கோடு எல்லோரும் வருவார்கள். 6, 10, 14ஆம் வாரத் தடுப்பூசிகள் முடிந்த பிறகு கூட்டத்துக்குள் போவது எனக்கு நிம்மதி; தட்டம்மைக்கான முதல் ஊசி 9ஆம் மாதத்தில்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் (100.4 ஃபாரன்ஹீட்) காய்ச்சல் வந்தால், க்ளாஸ் பற்றிய யோசனையை விட்டு நேரே டாக்டரிடம் போக வேண்டும்.

உங்கள் உடம்பையும் மறக்காதீர்கள். அம்மாவுக்கும் உடற்பயிற்சி என்று குதிக்க வைத்தால், பிரசவம் ஆகி எத்தனை வாரம், சிசேரியனா என்று அவர்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்காதவரிடம் குதிக்காதீர்கள். குதிக்கும்போது சிறுநீர் கசிந்தால் அது சகித்துக்கொள்ள வேண்டியது இல்லை, சரிசெய்யக்கூடியது.

தூரம் ஒரு பெரிய விஷயம். முக்கால் மணி க்ளாஸுக்கு வேளச்சேரி டிராஃபிக்கில் போக வர ஒன்றரை மணி நேரம் என்றால், குழந்தை கற்பது ஆட்டோவின் ஹாரனைத்தான். தூங்கும் நேரத்தில் க்ளாஸ் இருந்தால் எவ்வளவு நல்ல ஆசிரியராக இருந்தாலும் பயனில்லை. 4 முதல் 11 மாதம் வரை ஒரு நாளைக்கு 12 முதல் 16 மணி நேரத் தூக்கம் வேண்டும். பகல் தூக்கமும் அதில் சேர்த்தி.

ஃபீஸ் இல்லாத இடம்

அங்கன்வாடி என்றால் சத்துமாவும் எடை பார்ப்பதும் மட்டும் என்று ஃபிளாட்வாசிகள் நினைக்கிறார்கள். எந்த மாதம் குழந்தை என்ன செய்யும், எதைச் செய்யாவிட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பது தாய் சேய் நல அட்டையில் படத்தோடு இருக்கிறது. பிறப்பு முதல் 3 வயது வரை வீட்டில் செய்யக்கூடிய விளையாட்டுகளை மாதவாரியாகத் தொகுத்து 'நவசேதனா' என்ற பெயரில் ஒன்றிய அரசு 2024இல் வெளியிட்டிருக்கிறது. கிளப் ஹவுஸில் ஒரு பாயை விரித்து, நாலு அம்மாக்கள், முடிந்தால் இரண்டு அப்பாக்கள், கொஞ்சம் எவர்சில்வர் டம்ளர், கரண்டி. தொடங்க இவ்வளவு போதும். யாராவது வாரா வாரம் எல்லோரையும் கூப்பிட வேண்டும் என்பதுதான் சிக்கல். பலர் ஃபீஸ் கட்டுவதே அந்தக் கூப்பிடும் வேலையைத் தள்ளிவிடத்தான்.

எதிர் ஃபிளாட் பெண் கடைசியில் இரண்டு தெரு தள்ளியிருந்த மியூசிக் க்ளாஸில் சேர்ந்தாள். சனிக்கிழமை கணவர் தூக்கிக்கொண்டு போகிறார், புதன்கிழமை இவள். மூன்றாவது வாரம் லிஃப்டில் பார்த்தபோது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஆசிரியரைப் பற்றியோ பாட்டைப் பற்றியோ அவள் எதுவும் சொல்லவில்லை.

"அங்க ஒரு பையன் இருக்கான் அக்கா, இவ வயசுதான். அவனும் ராத்திரி நாலு தடவை எழுந்துக்கிறானாம்!" என்றாள். முகத்தில் அத்தனை சந்தோஷம்.