நோய்க்கு இடும் எண்: குருதி அமுக்கமும் சிறுநீரகமும்

வைத்தியசாலையிலிருந்து நோயாளி ஒருவர் வீடு திரும்பிய பின்னர், அவருடைய படுக்கைச் சீட்டில் வைத்தியர் எழுதிய நோயின் பெயர் ஓர் எழுத்தும் சில இலக்கங்களும் சேர்ந்த குறியீடாக மாற்றப்படுகின்றது. அக்கரப்பத்தனையில் எழுதிய பெயரும் அயல்நாடொன்றில் எழுதிய பெயரும் ஒரே குறியீட்டின்கீழ் வந்தாலன்றி, எந்நாட்டில் எந்நோய் மிகுந்தது என ஒப்பிட்டறிதல் இயலாது. இத்தேவை கருதியே ஜாக் பெர்ட்டிலியன் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1893இல் மரண காரணங்களின் பட்டியல் ஒன்றை வகுத்தார். உலக சுகாதார ஸ்தாபனம் அதனைப் பொறுப்பேற்று, 1948இல் வெளிவந்த ஆறாம் திருத்தத்திலே மரண காரணங்களோடு பிற நோய்களையும் சேர்த்தது. பத்தாம் திருத்தம் 1990இல் ஏற்கப்பட்டது. பதினோராம் திருத்தம் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குரியதாயிற்று. பல நாடுகளின் பதிவேடுகள் நெடுங்காலம் பத்தாம் திருத்தத்தைத் தழுவியே எழுதப்பட்டமையால், இங்கும் அதனையே அடிப்படையாகக் கொள்வோம்.

அத்திருத்தத்திலே ‘ஐ’ என்னும் எழுத்து குருதிச்சுற்றோட்ட நோய்களையும், ‘என்’ என்பது சிறுநீரகம் முதலிய உறுப்புகளின் நோய்களையும் குறிக்கும். வேறு காரணம் காணப்படாத உயர் குருதி அமுக்கம் ஐ 10. அதனால் இருதயம் பழுதுறின் ஐ 11. சிறுநீரகம் பழுதுறின் ஐ 12. இரண்டும் பழுதுறின் ஐ 13. பிறிதொரு நோயின் விளைவாக அமுக்கம் உயர்ந்திருப்பின் அது ஐ 15. நாட்பட்ட சிறுநீரக நோய்க்கு உரியது என் 18. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் பழுதே நாட்பட்டது எனப்படும். எலிக்காய்ச்சலிற் போலச் சில நாட்களில் சிறுநீரகம் திடீரெனச் செயலிழப்பது வேறு. அதற்கு என் 17 என்னும் தனியிடம் உண்டு.

இவற்றுள் ஐ 12 என்பது சிறப்பாக நோக்கத்தக்கது. என் 18 என எழுதுவோர் நோயின் பெயரை மாத்திரமே கூறுகின்றனர்; ஐ 12 என எழுதுவோரோ, ‘அமுக்கமே இச்சிறுநீரகத்தைக் கெடுத்தது’ எனக் காரணத்தையும் கூறிவிடுகின்றனர். அக்காரணத்தை நிறுவுவது எளிதன்று.

லண்டன் கைஸ் வைத்தியசாலையிற் பணியாற்றிய றிச்சர்ட் பிறைற், சுருங்கிய சிறுநீரகம் உடையோரின் இருதயம் பெருத்திருத்தலை 1836இலே எடுத்துரைத்தார். கையிற் பட்டி கட்டி அமுக்கத்தை அளக்கும் கருவியை ரீவா-றொச்சி அமைத்தது 1896இலாதலின், பிறைற் அமுக்கத்தை அளந்தவரல்லர், விளைவைக் கண்டவர். சிறுநீரக நோய் முந்தியது, இருதய வீக்கம் பிந்தியது என்பது அவர் கருத்து. 1914இல் வோல்ஹார்ட், ஃபார் என்னும் ஜெர்மானியர் இருவர் அமுக்கத்தாற் சிறுநீரகத்தின் நுண்ணாடிகள் தடித்துக் கெடுதலை விரித்தெழுதினர். 1934இல் கோல்ட்பிளாற் என்பார் நாய்களின் சிறுநீரக நாடியை இடுக்கியால் நெருக்கி அவற்றின் குருதி அமுக்கம் உயர்தலைக் காட்டினார். ஆகவே, அமுக்கம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கெட்ட சிறுநீரகம் அமுக்கத்தை உயர்த்தும். ஒன்று மற்றதனை வளர்க்கும் இச்சுழலிலே, நோய் முற்றிய பின் வந்த நோயாளியை மாத்திரம் பார்த்து முதல் எது எனக் கூறுதல் பெரும்பாலும் அரிது.

குறியீட்டு விதியோ இவ்வையத்துக்கு இடங்கொடுப்பதில்லை. மரணச் சான்றிதழில் உயர் குருதி அமுக்கமும் நாட்பட்ட சிறுநீரக நோயும் குறிக்கப்பட்டு வேறு காரணம் காட்டப்படாதாயின், இரண்டையும் இணைத்து ஐ 12 எனக் கொள்க என்கின்றது பத்தாம் திருத்தம். ஐக்கிய அமெரிக்காவில் 2015 ஒக்டோபர் 1 முதல் வழங்கும் பதிப்பும், தொடர்பில்லை என வைத்தியரே தெளிவாக எழுதினாலன்றி, தொடர்பு உண்டெனக் கொள்ளுமாறு பணிக்கின்றது. அங்கே நோயின் படிநிலையைக் காட்ட என் 18இன் உட்பிரிவு ஒன்றையும் உடன் எழுதுதல் வேண்டும். இவ்விதி முற்றிலும் பிழையன்று. நீரிழிவுக்கு அடுத்தபடியாகச் சிறுநீரகத்தைக் கெடுப்பனவற்றுள் உயர் அமுக்கம் முக்கியமானதாக எண்ணப்படுகின்றது. இணைக்காது விட்டால் அதன் தீங்கு கணக்கிலே தோன்றாது. குறியிடுபவர்மேலும் குறையில்லை, அவர் நோயாளியைக் கண்டவரல்லர், எழுத்தைக் கண்டவரே.

இனி மலைநாட்டிலே இது எவ்வாறு நிகழக்கூடும் எனக் காண்போம். அக்கரப்பத்தனைத் தோட்டமொன்றிலே கொழுந்து பறிக்கும் ஐம்பது வயதுப் பெண்ணொருத்தியை உதாரணமாகக் கொள்க. உயர் அமுக்கம் பெரும்பாலும் நோவு தருவதன்று. சிறுநீரகம் பாதியளவு வலுவிழக்கும்வரை குருதியிலுள்ள கிரியற்றினின் வழமையான எல்லைக்குள்ளேயே நிற்றல் கூடும். அரைநாட் பேரை இழந்து வரிசையில் நிற்க மனமில்லாதவள், தலைசுற்றினால் தோட்ட வைத்திய உதவியாளரிடம் இரண்டு குளிசை வாங்கிக்கொண்டு மலைக்கு ஏறிவிடுவாள். கால் வீங்கி மூச்சு முட்டும்போதுதான் லிந்துலை, தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்குக் கொண்டுசெல்லப்படுவாள். அங்கே முதன்முறையாக அளக்கும்போது அமுக்கமும் மிகுதி, சிறுநீரகமும் கடைநிலை. சீட்டிலே இரண்டு பெயர்கள் எழுதப்படும். விதி அவற்றை இணைக்கும். அவளுக்கு எந்த ஆண்டிலே எது தொடங்கியது என்பதை அறிந்தவர் எவருமிலர். ஆயினும் ஏட்டிலே காரணம் முடிவாகிவிடும்.

இம்முடிவு எத்துணைப் பெரிய உண்மையை மறைக்கவல்லது என்பதற்கு இலங்கையே சான்று. 1990களில் வடமத்திய மாகாணத்தின் உழவரிடையே, நீரிழிவோ நெடுநாள் உயர் அமுக்கமோ இல்லாதவர்க்கும் சிறுநீரகம் அழிந்துவருதலை வைத்தியர்கள் கண்டனர். காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் என அது பெயர்பெற்றது. அந்நோய் முற்றியோர்க்கும் ஈற்றில் அமுக்கம் உயரும். ஆதலின் அவர்கள் அனைவரும் ஐ 12இலே புதைந்துபோயிருத்தல் கூடும். அதனைத் தடுத்தது ஒரு வரைவிலக்கணம். மருந்து உண்ணாதவர்க்கு அமுக்கம் 160/100க்குக் குறைவாகவோ, இருவகை மருந்துகளுக்கு மேற்படாது உண்பவர்க்கு 140/90க்குக் குறைவாகவோ இருந்து, நீரிழிவு முதலிய பிற காரணங்களும் இல்லையாயின், அவரை இவ்வகுப்பிற் சேர்க்கலாம் என வகுத்தனர். எல்லைக்கோடு சற்றுச் செயற்கையானதே. ஆயினும் தனிப்பெயர் கிடைத்தபின்னரே அந்நோய்க்குத் தனிக்கணக்கும், குடிநீர் பற்றிய ஆராய்ச்சியும், சிகிச்சை நிலையங்களும் கிடைத்தன.

அமெரிக்காவின் கதை இதனினும் வியப்பானது. அங்குள்ள கறுப்பின மக்களுட் பலருக்கு ‘அமுக்கத்தால் வந்த சிறுநீரக நோய்’ என்றே பல்லாண்டுகளாக எழுதிவந்தனர். 2010இல் வெளியான ஆய்வுகள், அவர்களுட் கணிசமானோரின் நோய்க்கு ஏ.பி.ஓ.எல். 1 என்னும் பரம்பரையலகின் சில வகைகள் துணைசெய்தலைக் காட்டின. காரணம் தெரிந்துவிட்டது என்று ஏடு கூறியமையால், வேறு காரணத்தைத் தேடும் வேகம் அதுவரை குன்றியிருந்தது எனலாம்.

நமது மலைநாட்டிலே மறைந்த நோயொன்று உண்டு என்று இதனாற் கூறவில்லை. கருவாடும் உப்பும் மிகுந்த உணவினால் உயர்ந்த அமுக்கமே பலருடைய சிறுநீரகத்தைக் கெடுத்திருத்தலும் கூடும். அவ்வாறாயின், லயன்கள்தோறும் ஆண்டுக்கொரு முறை அமுக்கம் பார்த்தலே மருந்து. அன்றெனின் தேடவேண்டியது வேறு. எது என்பதை ஏடு காட்டவேண்டுமாயின், வைத்தியர் எழுதும் சொல் திருத்தமாக இருத்தல் வேண்டும். சிறுநீரகம் பெரிதும் கெடாதிருக்கும்போதே விழித்திரையிலும் இருதயத்திலும் மாற்றம் காணப்படின் அமுக்கம் முந்தியது எனக் கருதலாம். சிறுநீரிலே புரதம் மிகுந்தும் குருதி கலந்தும் இருப்பின் சிறுநீரக நோயே முந்தியது எனல் பெரும்பாலும் பொருந்தும். அப்போது ‘சிறுநீரக நோயால் எழுந்த உயர் அமுக்கம்’ என எழுதினால் குறியீடு ஐ 15க்குச் செல்லும். வெறுமனே ‘சிறுநீரகச் செயலிழப்பு’ என எழுதினால் அது என் 19 என்னும் பொதுப்பையில் விழும். அதனால் எவர்க்கும் பயனில்லை.

பிறிதொன்றும் உளது. அரசினர் வைத்தியசாலைகள் சுகாதார அமைச்சுக்கு அனுப்பும் நோய்க்கணக்கு, தங்கிச் சிகிச்சை பெற்றோரை மாத்திரமே கொண்டது. மாதந்தோறும் கிளினிக்குக்கு வந்து குளிசை பெற்றுச் செல்வோர் அதனுட் சேரார். ஆதலால், நோய் தொடங்கிய ஆண்டையும் அன்றைய அமுக்கத்தையும் அறிய நோயாளியின் கையிலுள்ள கிளினிக் கொப்பியே பெரும்பாலும் ஒரே ஆவணமாகும். அது மழையில் நனைந்தோ, புதுக் கொப்பி கிடைத்தபோது எறியப்பட்டோ போவதுண்டு. புதிய கொப்பியின் முதற் பக்கத்திலே பழையதன் முதல் அளவையும் அதன் ஆண்டையும் பெயர்த்தெழுத ஒரு நிமிடம் போதும்.