சிக்னல் சிவப்பிலேயே நின்றால்

ஆக்லாந்தில் பொழுதுபோக்கு ரயில் பல அளவுகளில் ஓடுகிறது. பான்மியூரில் மாடல் இன்ஜினியர்கள் சங்கத்தின் பாதையிலும் மாங்கெரேயில் மனுகாவ் லைவ் ஸ்டீமர்ஸ் பாதையிலும் ஆட்கள் ஏறி உட்கார்ந்தே போகலாம். வீட்டு மேசையில், நியூசிலாந்தின் 1,067 மி.மீ. பாதையை 64இல் ஒரு பங்காகச் சுருக்கி, 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓட்டுகிறார்கள். அளவு எதுவானாலும், சிக்னலோ, தடம் மாற்றும் பாயிண்ட்டோ மக்கர் செய்தால் உதிரிபாகம் வாங்க ஓடாதீர்கள். மின்சாரம் எதுவரை வந்து சேருகிறது என்று முதலில் பாருங்கள்.

மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, அடாப்டரின் வெளியீட்டில் 12 வோல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அடுத்து பாதி வழியில் உள்ள இணைப்பில் அளந்து பாருங்கள். அங்கும் இருந்தால் கோளாறு மீதிப் பாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் நாலைந்து அளவீடுகளில் இடம் சிக்கிவிடும். பாயிண்ட் இயங்கும்போதே அளப்பது முக்கியம். தளர்ந்த இணைப்பு, சும்மா இருக்கையில் முழு 12 வோல்ட்டையும் காட்டி ஏமாற்றும். மின்சாரம் ஓடும்போதுதான் சரியும். அடாப்டரின் 230 வோல்ட் பக்கத்தை மட்டும் திறக்காதீர்கள்.

பாயிண்ட் நகராவிட்டால் முதலில் கையால் தள்ளிப் பாருங்கள். தண்டவாள நாக்கின் இடுக்கில் ஒரு சிறு கல் இருந்தாலே போதும், மோட்டார்மேல் பழி விழும். மின்காந்தச் சுருளால் இயங்கும் சொலினாய்டு வகையில் சொடுக்கு பலவீனமாகக் கேட்டால், ஒயர் மெல்லியதா, நீளம் அதிகமா என்று பாருங்கள். பொத்தான் அழுந்தியபடியே சிக்கிக்கொண்டால் சுருள் கருகிவிடும்.

சிக்னலுக்குத் தனிக் கணக்கு. அமெரிக்காவில் வில்லியம் ராபின்சன் 1872இல் காப்புரிமை பெற்ற டிராக் சர்க்யூட்டில், இரு தண்டவாளங்கள் வழியாகவும் ஓடும் சிறு மின்சாரம் ரிலேயைப் பிடித்து வைத்திருக்கும். ரயிலின் அச்சு குறுக்கே வந்ததும் ரிலே விழுந்து சிவப்பு எரியும். ஒயர் அறுந்தாலும் பேட்டரி தீர்ந்தாலும் அதே சிவப்புதான். ஆகவே, ரயில் இல்லாமலே சிவப்பு நின்றால் அறுந்த ஒயரையும் தண்டவாளங்களை இணைக்கும் துருவேறிய ஃபிஷ் பிளேட்டையும் தேடுங்கள். மழை பெய்தால் வந்து, காய்ந்தால் போகும் கோளாறென்றால், நனைந்த ஜல்லி வழியாக மின்சாரம் கசிகிறது. இரு துறைமுகங்களுக்கு நடுவே, ஈர உப்புக்காற்றில் இருக்கும் ஆக்லாந்தில் வெளிப்புறப் பாதைக்குத் துரு, கசிவு இரண்டும் வரக்கூடியவைதான்.

ரயில் நிற்கும்போதே பச்சை எரிந்தால் ஓட்டத்தை உடனே நிறுத்துங்கள். தண்டவாளத்தில் துரு, மின்கடத்தாத சக்கரம், ஒட்டிக்கொண்ட ரிலே முனை: மூன்றில் ஒன்று காரணமாக இருக்கலாம்.

ஒரு நிறம் மட்டும் எரியாவிட்டால் எல்இடியின் முனைகள் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். 12 வோல்ட்டுக்கு 1,000 ஓம் ரெசிஸ்டர் போட்டால் சுமார் 10 மில்லியாம்பியர் ஓடும், அது போதும்.

பழுது நீங்கியதும் ஒரு ரயிலை விட்டுப் பாருங்கள். பிறகு டிராக் சர்க்யூட்டின் ஒயர் ஒன்றை வேண்டுமென்றே கழற்றுங்கள். சிக்னல் சிவப்புக்கு மாறினால்தான் வேலை முடிந்தது.