நாணயத்தின் விலை: ரூபாய் மதிப்பு குறைந்த இரண்டு ஆண்டுகள்

தமிழில் 'நாணயம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். காசும் நாணயம்தான்; சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம்தான். 'அவர் நாணயமான ஆள்' என்று நாம் சொல்லும்போது அவருடைய சட்டைப்பையைப் பார்த்துச் சொல்வதில்லை. இந்த இரட்டைப் பொருளால்தானோ என்னவோ, அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்துவிட்டது என்றவுடன் நாட்டின் மானமே ஒரு படி இறங்கிவிட்டதுபோல் நம்மவர்களுக்குத் தோன்றிவிடுகிறது. 1966இல் அப்படித்தான் பேசினார்கள். 1991இலும் அப்படித்தான். உண்மையில் மதிப்புக் குறைப்பு என்பது ஒரு விலை மாற்றமே ஆகும். டாலர் என்ற சரக்கை வாங்க இதுவரை இத்தனை ரூபாய் கொடுத்தோம், நாளை முதல் இத்தனை ரூபாய் கொடுக்க வேண்டும் என்று அரசே அறிவிப்பது, அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' யார் தலையில் போய் விடிகிறது என்பதைத்தான் இங்கே பார்க்க வேண்டியிருக்கிறது.

1966 ஜூன் 6. அதற்கு முந்தைய இரவு நிதியமைச்சர் சச்சீந்திர சௌத்ரி வானொலியில் அறிவித்தார். அதுவரை ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 காசு. அன்றிலிருந்து 7 ரூபாய் 50 காசு. இந்தக் குறைப்பு எத்தனை விழுக்காடு என்பதில் இன்றும் குழப்பம் உண்டு. சிலர் 36.5 என்பார்கள், சிலர் 57.5 என்பார்கள். இரண்டும் சரி. ரூபாயின் பக்கம் நின்று பார்த்தால் அது வாங்கக்கூடிய டாலர் 36.5 விழுக்காடு குறைந்தது. டாலரின் பக்கம் நின்று பார்த்தால் அதன் விலை 57.5 விழுக்காடு ஏறியது. நம் பாக்கெட்டைப் பொறுத்தவரை இரண்டாவது கணக்குதான் சுடும். வெளிநாட்டில் வாங்கியிருந்த பழைய கடன், ஒரு பைசா புதிதாக வாங்காமலே, ரூபாய்க் கணக்கில் அந்த அளவு ஊதிவிட்டதல்லவா!

ஏன் குறைத்தார்கள்? 1965 போருக்குப் பின் வெளிநாட்டு உதவி நின்றுபோயிற்று. மழை பொய்த்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாடு உட்கார்ந்திருந்தது. உதவி மறுபடி வரவேண்டுமானால் ரூபாயைக் குறையுங்கள் என்பது உலக வங்கி போன்றோரின் வற்புறுத்தல். இதில் நம் தமிழ்நாட்டுத் தலைவர்களே இரு பக்கமும் நின்றார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம் குறைப்புக்கு ஆதரவு. காங்கிரஸ் தலைவர் காமராஜரோ கடும் எதிர்ப்பு.

குறைத்தும் பலன் வரவில்லை. காரணம் பல. ரூபாய் மலிந்தால் நம் சரக்கு வெளிநாட்டில் மலிவாகும், அதிகம் விற்கும் என்பது பாடப் புத்தகம். அன்று நாம் விற்றதில் பெரும்பங்கு தேயிலையும் சணலும். டீத்தூள் விலை குறைந்தது என்பதற்காக லண்டன்காரர் நாளுக்கு இரண்டு கப் கூடுதலாகக் குடிக்கப் போவதில்லை. போதாக்குறைக்கு, ஒரு கையால் கொடுத்ததை அரசு மறு கையால் வாங்கிக்கொண்டது. தேயிலை, சணல் போன்றவற்றுக்கு ஏற்றுமதி வரி போட்டார்கள். ஏற்றுமதியாளர்களுக்கு இருந்த பழைய சலுகைகளை எடுத்தார்கள். ஆகவே நிகரக் குறைப்பு, அறிவித்த குறைப்பைவிட மிகவும் சிறியது என்று ஜகதீஷ் பகவதியும் டி. என். சீனிவாசனும் பின்னாளில் விரிவாகக் கணக்கிட்டுக் காட்டினார்கள். அடுத்த ஆண்டும் வறட்சி. விலைவாசி ஏறியது. பஞ்சத்தால் ஏறியது எவ்வளவு, டாலரால் ஏறியது எவ்வளவு என்று ரேஷன் கியூவில் நிற்பவர் பிரித்துப் பார்க்க முடியுமா? எல்லாப் பழியும் மதிப்புக் குறைப்பின் மேல் விழுந்தது. அதன் பிறகு இருபத்தைந்து ஆண்டுகள் அந்தச் சொல்லை உச்சரிக்கவே தில்லியில் ஆட்சியாளர்கள் அஞ்சினார்கள்.

1991இல் உச்சரிக்க வேண்டிய கட்டாயம் வந்தது. வளைகுடாப் போரின் சூட்டை மும்பைத் தமிழருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1990இல் குவைத்திலிருந்து ஏறத்தாழ 1,70,000 இந்தியர்கள் அம்மான் வழியாக விமானத்தில் கொண்டுவரப்பட்டார்கள். பெரும்பாலோர் வந்திறங்கியது நம் மும்பையில்தான். அவர்கள் அனுப்பிவந்த பணம் நின்றது, எண்ணெய் விலை ஏறியது, வெளிநாடுவாழ் இந்தியர் வங்கியில் போட்டிருந்த டாலரைத் திரும்ப எடுத்தார்கள். கையிருப்பு மூன்று வார இறக்குமதிக்குக்கூடத் தாங்குமா என்ற நிலை. மே மாதத்தில், கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்து அரசு வைத்திருந்த தங்கத்தில் 20 டன்னை வெளிநாட்டுக்கு அனுப்பிப் பணம் புரட்டினார்கள். ஜூலையில் ரிசர்வ் வங்கி தன் சொந்தத் தங்கத்திலிருந்து 47 டன்னை லண்டனுக்கு அனுப்பி அடகு வைத்தது. கோட்டைப் பகுதியிலிருந்து சகார் விமான நிலையத்துக்குப் போன அந்த வண்டிகளில் ஒன்று நடுவழியில் நின்றுபோன கதையும் உண்டு. தாலிச் செயினை அடகுக் கடைக்கு எடுத்துப் போகிற குடும்பத்துக்கு இருக்கிற கூச்சம் அன்று ஒரு நாட்டுக்கே இருந்தது.

ரூபாயை இரண்டு தவணையாகக் குறைத்தார்கள்: ஜூலை 1ஆம் தேதி கொஞ்சம், சந்தை எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பார்த்து 3ஆம் தேதி மிச்சம். 21 ரூபாயாக இருந்த டாலர் 26 ரூபாய் அளவுக்கு வந்தது. அப்போது ரிசர்வ் வங்கி ஆளுநர் எஸ். வெங்கிடரமணன், துணை ஆளுநர் சி. ரங்கராஜன், வர்த்தக அமைச்சர் ப. சிதம்பரம். மூவரும் தமிழர்கள். இரண்டாம் தவணையை நிறுத்தி வைக்கலாமா என்று நிதியமைச்சர் மன்மோகன் சிங் தொலைபேசியில் கேட்டபோது, காரியம் முடிந்துவிட்டது என்று ரங்கராஜன் பதில் சொன்னதாக வரலாறு.

இதன் விளைவை நம் கண்ணெதிரே உள்ள ஒரு தொழிலை வைத்துப் பார்ப்போம். சயானிலிருந்து தாராவிப் பக்கம் போகும் சாலையில் வரிசையாகத் தோல் பைக் கடைகள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த நம்மவர்கள் தோல் பதனிட்டு வளர்த்த தொழில் அது. ஓர் உதாரணத்துக்கு, ஒரு பையை 20 டாலருக்கு ஏற்றுமதி செய்கிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். டாலர் 21 ரூபாயில் அவருக்குக் கிடைத்தது 420. 26 ரூபாயில் 520. நூறு ரூபாய் லாபம் என்று துள்ளவேண்டாம். ஜிப், பக்கிள், ரசாயனம் என்று 100 ரூபாய்க்கு வெளிநாட்டுச் சாமான் போட்டிருந்தால் அது இப்போது 124 ஆகும். வெளிநாட்டு வியாபாரியும் பத்திரிகை படிக்கிறவர்தானே? 'உங்கள் ரூபாய்தான் இறங்கிவிட்டதே, 18 டாலருக்குக் கொடு' என்பார். 18 டாலருக்கு 468 ரூபாய். கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது 24 ரூபாய்தான்.

இந்தக் கணக்கில் ஓர் ஆள் வரவேயில்லை. பையைத் தைத்தவர். அவருடைய பீஸ் கூலி ரூபாயில் பேசியது. டாலர் ஏறினால் அது தானாக ஏறாது. ஆனால் அவர் வாங்குகிற சாமான் ஏறும். 1991 ஆகஸ்டில் மொத்த விலைவாசி ஏற்றம் 17 விழுக்காட்டை நெருங்கியது. ஊரில் அவருக்கு அரைக் காணி நிலம் இருந்தால், அதற்குப் போடுகிற உரத்தின் விலையும் ஏறியது: ஜூலை 24 வரவுசெலவுத் திட்டத்தில் சராசரி 40 விழுக்காடு, கூச்சல் கிளம்பிய பிறகு 30. ஏற்றுமதிப் பை மலிவானது என்றால், அந்த மலிவில் ஒரு பகுதி இவருடைய கூலி தேய்ந்ததால் வந்தது. பொருளாதார நூல்கள் இதை நாசூக்காக 'மெய்க்கூலிச் சரிவு' என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடும்.

இருந்தும் 1991 தோற்கவில்லை. உரிமக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன, சந்தை திறந்தது. வெறும் டாலர் விலையை மட்டும் மாற்றிவிட்டு 1966போல் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. அடகுக் கடனை அந்த ஆண்டுக்குள்ளேயே அடைத்தார்கள். 1994 மார்ச்சில் அந்நியச் செலாவணி 15 பில்லியன் டாலர். தங்கத்தின் ஒரு பகுதி லண்டனிலேயே தொடர்ந்து இருந்தது. 2023-24 நிதியாண்டில் ரிசர்வ் வங்கி 100 டன்னைத் திரும்பக் கொண்டுவந்தது.

குறைக்கவே மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தால் என்ன ஆகும்? அதே 1991 ஏப்ரலில் தென் அமெரிக்காவின் அர்ஜென்டினா நம் வழிக்கு நேர் எதிராகப் போயிற்று. ஒரு பெசோவுக்கு ஒரு டாலர் என்று சட்டமே போட்டது. பணவீக்கம் அடங்கியது, மக்கள் டாலரில் கடன் வாங்கினார்கள். 1999இல் பக்கத்து நாடான பிரேசில் தன் பணத்தின் மதிப்பைக் குறைத்தபோது அர்ஜென்டினாவின் சரக்கு விலை போகவில்லை. சட்டம் இருக்கிறதே, பெசோவை இறக்க முடியாது! 2001 டிசம்பரில் வாரத்துக்கு 250 பெசோவுக்கு மேல் வங்கியில் எடுக்கக் கூடாது என்றார்கள். ஜனங்கள் சட்டிபானையைத் தட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். அதிபர் ஹெலிகாப்டரில் மாளிகையை விட்டுப் போனார். 2002 ஜனவரியில் சட்டம் போயிற்று. ஆண்டின் நடுவில் ஒரு டாலருக்கு மூன்றரைப் பெசோவுக்கு மேல். பாதிப் பேருக்கு மேல் வறுமைக் கோட்டுக்குக் கீழே வந்தார்கள். 2022 மார்ச்சில் இலங்கையிலும் இதே கதைதான். 200 ரூபாயில் இறுக்கிப் பிடித்திருந்த டாலரைக் கைவிட்டதும் இரண்டே மாதத்தில் 360. பால்மாவுக்கும் மருந்துக்கும் நம் ஈழத்து உறவுகள் பட்ட பாடு தெரிந்ததே.

இந்தியாவில் 1993 மார்ச்சுக்குப் பிறகு டாலர் விலையைச் சந்தைதான் தீர்மானிக்கிறது. ரிசர்வ் வங்கி அவ்வப்போது கை கொடுக்கும். ஆகவே வானொலி அறிவிப்பு எதுவும் வராது. சத்தமில்லாமல் இறங்கும். 2014 நடுவில் 60 ரூபாயாக இருந்த டாலர் 2024 டிசம்பரில் 85ஐத் தாண்டியது. செம்பூரிலும் மாட்டுங்காவிலும் பிள்ளையை அமெரிக்காவில் படிக்க வைக்கும் பெற்றோருக்கு இது உடனே தெரியும்: ஆண்டுக்கு 50,000 டாலர் கட்டணம் என்றால் முன்பு 30 லட்சம், பிறகு 42 லட்சத்து 50 ஆயிரம். அதே பிள்ளை படித்து முடித்து அங்கே சம்பாதித்து, இங்கே ரூபாயில் வாங்கிய கல்விக் கடனை அடைக்கும்போது கணக்கு திரும்பி நம் பக்கம் வரும். துபாயிலிருந்து பணம் அனுப்புகிறவர் வீட்டிலும் அப்படியே. தாராவியில் தைப்பவருக்கு டாலர் எந்தப் பக்கமும் வருவதில்லை. அவர் பார்ப்பதெல்லாம் ரேஷனில் கிடைக்காத எண்ணெயின் விலையும், பஸ் கட்டணமும், அடுத்த முறை பீஸ் ரேட்டை ஐந்து ரூபாய் கூட்டிக் கேட்டால் முதலாளி என்ன சொல்வார் என்பதும்தான்.