அளவறிந்த அதிகாரம்

நுழையும்முன்

தேர்வு முடிவு வெளியாகும் காலைப்பொழுதில் இலட்சக்கணக்கான மாணவர்கள் ஒரே இணையத்தளத்தை நாடுகின்றனர். ஒவ்வொருவருக்கும் உரிய மதிப்பெண்ணைத் தேடியெடுத்துத் தருவது எங்கோ ஓர் அறையில் இயங்கிக்கொண்டிருக்கும் கணினி. அக்கணினியைக் கண்டவர் சிலர். அதைக் காத்து நிற்பவரை அறிந்தவர் அவரினும் சிலர். யூனிக்ஸ் வழிவந்த சேவையகங்களை நிருவகிக்கும் அப்பணியின் அடிப்படைகளை இப்பாடம் விளக்குகிறது.

மலையடிவாரமும் மென்பொருளும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆரியங்காவுக் கணவாய்க்குக் கிழக்கே அமைந்த ஊர் செங்கோட்டை. திருவிதாங்கூருக்கு உரியதாயிருந்து 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்த இவ்வூர், நெடுங்காலமாக மலைக்கு இருபுறமும் சரக்கும் மக்களும் கடந்துசெல்லும் வாயிலாக விளங்கியது. 1904ஆம் ஆண்டு மலையைக் குடைந்து இருப்புப்பாதையும் வந்தது.

இன்று இப்பகுதியிலிருந்து வேறொரு சரக்கும் வெளியே செல்கிறது. 1996இல் அட்வென்ட்நெட் என்னும் பெயரில் தொடங்கப்பட்டு, 2009இல் சோஹோ எனப் பெயர் மாறிய மென்பொருள் நிறுவனம், 2011ஆம் ஆண்டு தென்காசியில் சிறிய அலுவலகம் ஒன்றைத் திறந்தது. இன்று அது மத்தளம்பாறையில் வயல்களின் நடுவே பெரிய வளாகமாக வளர்ந்துள்ளது. பள்ளிப்படிப்பை முடித்த மாணவர்களைச் சேர்த்துப் பயிற்றும் அந்நிறுவனத்தின் கல்விக்கூடமும் அங்கு இயங்குகிறது. நிறுவனத்தின் தொடக்ககாலத் தொழிலே வலையமைப்புகளை மேலாண்மை செய்யும் மென்பொருள் ஆக்கம்தான்.

மலையடிவாரத்தில் எழுதப்படும் மென்பொருள் அங்குள்ள கணினியில் மட்டும் இயங்குவதில்லை. சென்னையிலும் மும்பையிலும் கடல்கடந்த நாடுகளிலும் உள்ள தரவு மையங்களில் இயங்குகிறது. அக்கணினிகளைத் தொலைவிலிருந்தே ஆள முடியும் என்பதனால்தான் சிற்றூரிலிருந்து உலகத்துக்குச் சேவை வழங்குவது இயல்கிறது.

சேவையகமும் யூனிக்ஸும்

பிற கணினிகள் கேட்பதைத் தேடித் தருவதற்காகவே ஓயாது விழித்திருக்கும் கணினி சேவையகம் எனப்படும். பெரும்பாலான சேவையகங்களுக்குத் திரையோ விசைப்பலகையோ கிடையாது. அவற்றுள் மிகப்பல யூனிக்ஸ் மரபைச் சேர்ந்த இயக்க அமைப்புகளால் இயங்குகின்றன.

1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் யூனிக்ஸை உருவாக்கத் தொடங்கினர். 1973இல் அது ‘சி’ மொழியில் திருத்தி எழுதப்பட்டது. அதனால் ஒருவகைக் கணினிக்கு மட்டும் உரியதாக இராமல் பலவகைக் கணினிகளுக்கும் அதனைக் கொண்டுசெல்ல முடிந்தது. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், யூனிக்ஸின் நெறிகளைப் பின்பற்றி லினக்ஸ் கருநிரலை எழுதி எவரும் பயன்படுத்துமாறு வெளியிட்டார். ஆண்ட்ராய்டு கைப்பேசி முதல் மீத்திறன் கணினி வரை இன்று அதுவே அடிப்படை. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ என்னும் இந்திய இயக்க அமைப்பும் லினக்ஸைத் தழுவியதே.

யூனிக்ஸ் தொடக்கத்திலிருந்தே பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்து பயன்படுத்தும் அமைப்பாக வளர்ந்தது. பலர் கூடி வாழும் இடத்தில், ‘இது யாருக்கு உரியது? யார் எதுவரை செய்யலாம்?’ என்னும் வினாக்கள் எழுவது இயல்பு. அவ்வினாக்களுக்கு விடை வகுப்பதே நிருவாகியின் முதற்பணி.

யாருக்கு எவ்வளவு?

யூனிக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர் ஒருவர் உண்டு. குழு ஒன்று உண்டு. ஏனையோர் மூன்றாம் வகையினர். இம்மூவகையினர்க்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் என்னும் மூன்று உரிமைகளைத் தனித்தனியே வழங்கலாம், மறுக்கலாம். படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1 என மதிப்புகள் உள்ளன. வழங்கப்படும் உரிமைகளின் மதிப்பைக் கூட்டினால் ஒவ்வொரு வகையினர்க்கும் ஓர் எண் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, ஒரு பள்ளியின் மதிப்பெண் பட்டியல் சேவையகத்தில் உள்ளது எனக் கொள்வோம். பொறுப்பாசிரியர் அதைப் படிக்கவும் திருத்தவும் வேண்டும்: 4+2=6. பிற ஆசிரியர்கள் படித்தால் போதும்: 4. ஏனையோர்க்கு எவ்வுரிமையும் தேவையில்லை: 0. ஆகவே, அக்கோப்பின் அனுமதி எண் 640. அதையே 666 என அமைத்துவிட்டால் அச்சேவையகத்தில் நுழையும் எவரும் எவருடைய மதிப்பெண்ணையும் மாற்றிவிடலாம். ஓர் இலக்கம் பிழைத்தால் ஒரு பள்ளியின் நம்பகத்தன்மையே பிழைத்துவிடும்.

இவ்வரையறைகளுக்கெல்லாம் அப்பாற்பட்ட பயனர் ஒருவர் உண்டு. அவருக்கு ‘ரூட்’ என்று பெயர். வேர் என்பது அச்சொல்லின் பொருள். அப்பெயரில் நுழைபவர் எக்கோப்பையும் படிக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். அழிக்கும் கட்டளையை ரூட் இட்டால் யூனிக்ஸ் பெரும்பாலும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. ஆணையிட்டவர் அறிந்தே ஆணையிட்டார் எனக் கொள்வது அதன் இயல்பு.

எனவே, தேர்ந்த நிருவாகி அன்றாடப் பணிகளுக்கு ரூட்டாக நுழைவதில்லை. தம் சொந்தப் பயனர் பெயரில் நுழைந்து, தேவைப்படும் ஒரு கட்டளைக்கு மட்டும் அவ்வதிகாரத்தை இரவல் பெறுகிறார். இதற்குரிய ‘சூடோ’ என்னும் கருவி 1980ஆம் ஆண்டளவில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் உருவானது. யார், எப்போது, எக்கட்டளைக்காக அதிகாரத்தைப் பயன்படுத்தினார் என்பதையும் அது பதிந்துவைக்கிறது. பணிக்குத் தேவையான அளவுக்கு மேல் எவருக்கும் எந்த மென்பொருளுக்கும் அதிகாரம் அளிக்கலாகாது என்பது இத்துறையின் தலையாய நெறி.

எழுத்தில் அமைந்த ஒழுங்கு

ஒரு சேவையகம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்னும் விதிகளின் தொகுப்பு உள்ளமைவு எனப்படும். யூனிக்ஸில் இவ்விதிகளுட் பெரும்பாலானவை மனிதர் படிக்கத்தக்க எளிய உரைக்கோப்புகளாக ‘இடிசி’ என்னும் கோப்புறையில் இருக்கும். எழுத்தில் இருப்பதனால் அவற்றை ஒப்பிடலாம், நகலெடுக்கலாம், நேற்றைய நிலைக்கு மீட்கலாம்.

தேர்வு முடிவு நாளையே மீண்டும் எண்ணிப் பார்ப்போம். வந்து சேரும் கோரிக்கை ஒவ்வொன்றுக்கும் சேவையகம் 20 மெகாபைட் நினைவகத்தைச் செலவிடுகிறது என்றும், அப்பணிக்கென 8,000 மெகாபைட் ஒதுக்கப்பட்டுள்ளது என்றும் கொள்வோம். ஒரே நேரத்தில் 400 கோரிக்கைகளை ஏற்கலாம். உள்ளமைவில் 4,000 என எழுதிவிட்டால் நினைவகம் தீர்ந்து சேவையகமே முடங்கும். 40 என எழுதினால் இடமிருந்தும் மாணவர்கள் காத்துக்கிடப்பர். சரியான எண்ணை ஊகத்தால் அறிய இயலாது. அளந்துதான் அறிய வேண்டும்.

மாற்றம் செய்யும் முறையிலும் ஒழுங்கு உண்டு. முதலில் இருக்கும் கோப்பை நகலெடுக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். சேவையை மீளத் தொடங்கும் முன்பே எழுத்துப்பிழை உண்டா என மென்பொருளைக் கொண்டு சோதிக்க வேண்டும். என்ன மாற்றப்பட்டது, ஏன் மாற்றப்பட்டது என்பதை எழுதிவைக்க வேண்டும். இன்று இரவு மாற்றியவர் நாளைக் காலையில் பணியில் இல்லாமற்போகலாம். அவர் எழுதிவைத்த குறிப்பே அடுத்தவருக்கு வழிகாட்டும்.

தொலைவைக் கடக்கும் திறவி

தென்காசியில் அமர்ந்திருப்பவர் சென்னையிலுள்ள சேவையகத்துக்குக் கட்டளையிடும்போது அக்கட்டளை பல வலையமைப்புகளைக் கடந்து செல்கிறது. முற்காலத்தில் பயன்பட்ட ‘டெல்நெட்’ முறையில் கடவுச்சொல் மறைப்பின்றிச் சென்றது. வழியில் ஒட்டுக்கேட்பவர் அதை அப்படியே படித்துவிடலாம். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் இத்தகைய கடவுச்சொல் திருட்டு நிகழ்ந்தபின், அங்கிருந்த ஆய்வாளர் தாத்து இலோனன் 1995இல் ‘எஸ்எஸ்எச்’ என்னும் பாதுகாப்பான முறையை உருவாக்கினார்.

இதில் செய்தி முழுவதும் மறையாக்கம் செய்யப்படுகிறது. கடவுச்சொல்லுக்கு மாற்றாக இரட்டைத் திறவியையும் பயன்படுத்தலாம். பொதுத்திறவி சேவையகத்தில் இருக்கும். தனித்திறவி உரியவரின் கணினியை விட்டு வெளியே செல்லாது. தனித்திறவியை அனுப்பாமலேயே அதைத் தாம் வைத்திருப்பதை உரியவர் மெய்ப்பிக்க முடியும். பூட்டை எவர் பார்த்தாலும் தீங்கில்லை. சாவி கைமாறாதவரை கதவு காக்கப்படும்.

பதிவேடு பேசும்

சேவையகத்தில் யார் நுழைந்தார், எந்தச் சேவை நின்றது, எப்பிழை நேர்ந்தது என்பனவெல்லாம் நேரத்தோடு பதிவாகின்றன. இப்பதிவுகளை நாள்தோறும் படிப்பது நிருவாகியின் கடமை.

1986ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கணினிப் பயன்பாட்டுக் கட்டணக் கணக்கில் 75 சென்ட் வேறுபாடு காணப்பட்டது. வானியல் அறிஞரும் அங்குக் கணினிகளைக் கவனித்துவந்தவருமான கிளிஃபோர்டு ஸ்டோல் அதைச் சிறுதொகை என்று தள்ளிவிடவில்லை. பதிவுகளைத் தொடர்ந்து ஆராய்ந்தபோது, வெளியாள் ஒருவர் யூனிக்ஸ் கணினியில் ஊடுருவி ரூட் அதிகாரத்தையும் பெற்றிருந்தது புலப்பட்டது. பல மாதத் தேடலின் முடிவில் அத்தடம் மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரம்வரை நீண்டது. அமெரிக்கப் படைத்துறை சார்ந்த கணினிகளில் திரட்டிய செய்திகள் சோவியத் உளவு அமைப்புக்கு விற்கப்பட்டதும் வெளிப்பட்டது. அற்பமான கணக்குப் பிழையைப் பொருட்படுத்தியதே உண்மையை வெளிக்கொணர்ந்தது.

பதிவுகளாலும் இடர் வரலாம். அவை வளர்ந்துகொண்டே சென்றால் வட்டு நிரம்பிச் சேவை நின்றுபோகும். தென்மேற்குப் பருவமழையில் செங்கோட்டை வட்டாரத்துக் குளங்கள் பெருகும்போது, மிகுநீர் மறுகால் பாய வழி இல்லையேல் கரை உடையும். அதுபோலப் பழைய பதிவுகளைச் சுருக்கியும், காலம் கடந்தவற்றை நீக்கியும் இடம் ஏற்படுத்தும் ஏற்பாடு சேவையகத்தில் முன்கூட்டியே அமைக்கப்பட வேண்டும்.

மீட்டுப் பார்த்தால்தான் காப்பு

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், துணைத் தரவுத்தளச் சேவையகத்தின் கோப்புறையை அழிக்க எண்ணி, தவறுதலாக முதன்மைச் சேவையகத்தில் அழிக்கும் கட்டளையை இட்டுவிட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தியபோதும் ஏறத்தாழ 300 கிகாபைட் தரவு மறைந்துவிட்டது. நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பப்பட்ட காப்புநகல் உண்மையில் எடுக்கப்படவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பிழையை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் உரியவரை அடையவில்லை. வேறொரு பணிக்காக ஆறு மணி நேரத்துக்கு முன்பு தற்செயலாக எடுக்கப்பட்டிருந்த நகலே நிறுவனத்தைக் காத்தது. இடைப்பட்ட நேரத்துத் தரவுகள் மீளவில்லை.

நிறுவனம் நடந்ததை மறைக்கவில்லை. மீட்புப் பணியை நேரலையில் காட்டி, காரணங்களை விரிவாக வெளியிட்டது. குற்றவாளியைத் தேடாமல் குறையைத் தேடியதால் உலகெங்குமுள்ள நிருவாகிகள் அதிலிருந்து பாடம் கற்றனர். காப்புநகல் எடுத்தால் மட்டும் போதாது. குறித்த கால இடைவெளியில் அதை மீட்டுப் பார்க்கவும் வேண்டும். மீட்டுப் பார்க்கப்படாத நகல் நம்பிக்கையே தவிரக் காப்பு அன்று.

பொறுப்பே அதிகாரம்

வருவாய்ச் சான்றிதழ், பட்டா, மருத்துவக் குறிப்பு, மதிப்பெண் எனப் பொதுமக்களின் வாழ்வோடு இணைந்த ஆவணங்கள் இன்று சேவையகங்களில் உள்ளன. அவற்றை அணுகும் ஆற்றல் நிருவாகிக்கு உண்டு. பணியின்றி அவற்றைப் பார்க்கும் உரிமை அவருக்கு இல்லை. ஆற்றலுக்கும் உரிமைக்கும் இடையிலுள்ள இவ்வேறுபாட்டை எக்கட்டளையாலும் முழுமையாகக் காக்க இயலாது. அதைக் காப்பது மனிதரின் நேர்மையே.

இத்தொழிலைக் கற்கப் பெருநகரமோ பெருஞ்செலவோ தேவையில்லை. பழைய கணினி ஒன்றில் லினக்ஸை நிறுவி, பயனர்களை உருவாக்கி, அனுமதிகளை மாற்றி, வேண்டுமென்றே சிலவற்றைக் கெடுத்து மீட்டுப் பழகலாம். கட்டளைகளை நினைவில் கொள்வதைவிட, ஒவ்வொரு கட்டளைக்கும் முன் ‘எந்தக் கணினியில் இருக்கிறேன்? இதைத் திரும்பப் பெற முடியுமா?’ என்று தன்னைத்தானே வினவும் பழக்கம் மேலானது. செங்கோட்டைப் பள்ளி மாணவருக்கும் சென்னைக் கல்லூரி மாணவருக்கும் அப்பழக்கம் ஒரே வகையில் கைவரக்கூடியதே.

தெரியுமா?

யூனிக்ஸ் காலத்தை 1970 ஜனவரி 1 நள்ளிரவு முதல் கடந்த நொடிகளாக எண்ணுகிறது. அவ்வெண்ணை 32 இருமத் தானங்களில் சேமிக்கும் பழைய கணினிகளில் 2038 ஜனவரி 19 அன்று, இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடியில் இடம் தீர்ந்துவிடும். 64 தானங்களைப் பயன்படுத்தும் அமைப்புகளுக்கு இச்சிக்கல் இல்லை.

கற்பவை கற்றபின்...

1. பள்ளி நூலகத்தின் புத்தகப் பட்டியலை நூலகர், ஆசிரியர், மாணவர் ஆகிய மூவகையினர் பயன்படுத்துகின்றனர். அக்கோப்புக்கு உரிய அனுமதி எண்ணைக் காரணத்துடன் எழுதுக.

2. உங்கள் கைப்பேசியில் உள்ள செயலிகள் கேட்கும் அனுமதிகளைப் பட்டியலிட்டு, பணிக்குத் தேவையற்றவை எவை என வகுப்பில் கலந்துரையாடுக.

3. ‘குற்றவாளியைத் தேடாமல் குறையைத் தேடுதல்’ என்னும் கருத்தைப் பள்ளி நிகழ்வு ஒன்றோடு பொருத்தி ஒரு பக்க அளவில் எழுதுக.