பூவைப் பார்த்துக் கடுகை அறிவோம்

(வானொலியில் உழவர்களுக்காகப் பேசியது)



குத்தம்பாக்கத்திலிருந்து ஒரு பெரியவர் காகிதத்தில் கொஞ்சம் விதையை மடித்துக்கொண்டு வந்தார். "பேரப்பிள்ளைங்க தரிசுல பொறுக்கினதுங்க. கடுகு மாதிரியே இருக்கு. தாளிக்கலாங்களா?" என்று கேட்டார். நல்லவேளை, கேட்டுவிட்டுச் செய்ய நினைத்தார். அது பிரம்மதண்டு விதை. விஷம்!

விதை ஏமாற்றும், பூ ஏமாற்றாது. கடுகுக் குடும்பத்துப் பூவில் நான்கே இதழ்கள், சிலுவை போல எதிரெதிராக இருக்கும். நடுவில் மகரந்தத் தாள்கள் ஆறு. எண்ணிப் பாருங்கள், நான்கு நீளம், இரண்டு குட்டை. காயைப் பிளந்தால் நடுவே மெல்லிய சவ்வு போல ஒரு தடுப்பு இருக்கும். முள்ளங்கிப் பாத்தியில் ஒன்றிரண்டு செடியைப் பிடுங்காமல் பூக்க விட்டால், இந்தப் பூவின் கணக்கை வீட்டிலேயே பார்த்துவிடலாம். முட்டைக்கோசும் காலிபிளவரும் இதே குடும்பம்தான்.

இந்தக் குடும்பத்தில் மலைக்கே உரிய காட்டுச்செடிகளும் உண்டு. நீலகிரிச் சோலைகளின் ஈர நிழலில் கார்டமைன் ஆப்பிரிக்கானா என்று ஒரு சிறுசெடி வளர்கிறது. பெயரில் ஆப்பிரிக்கா இருந்தாலும் நம்ம மலையிலும் தானாகவே வளர்வது. ஒரு காம்பில் மூன்று இலைகள், சின்ன வெள்ளைப் பூ, குச்சி போன்ற காய். அந்தக் காய் முற்றினால் பட்டென்று வெடித்து விதையைத் தூரத் தெறிக்கும். பூ மஞ்சளாக இல்லையே என்று சந்தேகப்பட வேண்டாம். நிறத்தைப் பார்க்காதீங்க, கணக்கைப் பாருங்க.

இனி நம்ம ஊர் வரப்புக்கு வருவோம். இங்கே நாய்க்கடுகு இருக்கிறது. இதற்கும் மஞ்சள் இதழ் நான்குதான். ஆனால் நான்கும் மேல்பக்கமாகவே ஒதுங்கி நிற்கும், சிலுவையாக விரியாது. தாள்கள் ஆறுக்கு மேல் இருக்கும். தொட்டால் பிசுபிசுக்கும். இதைக் கடுகுக்குப் பங்காளி என்று சொல்லலாம், கடுகு அல்ல.

பிரம்மதண்டோ பங்காளியும் அல்ல; மெக்சிகோவிலிருந்து வந்த களை. இலையிலும் காயிலும் முள். ஒடித்தால் மஞ்சள் பால். பூவுக்குள் தாள்கள் எண்ண முடியாத அளவுக்குக் கொத்தாக இருக்கும். செடியைப் பார்த்தால் யாரும் ஏமாற மாட்டோம். விதையாகக் கைக்கு வரும்போதுதான் ஆபத்து. அப்போது இரண்டு சோதனை செய்யுங்கள். கடுகின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும். பிரம்மதண்டு விதை சொரசொரப்பாக இருக்கும். நசுக்கினால் கடுகின் உள்ளே மஞ்சள், இதன் உள்ளே வெள்ளை.

இது சின்ன விஷயம் இல்லைங்க. 1998-ல் டில்லியில் பிரம்மதண்டு எண்ணெய் கலந்த கடுகெண்ணெயைச் சாப்பிட்டு 60 பேருக்கு மேல் இறந்தார்கள். கால் வீங்கும், மூச்சு வாங்கும், இருதயம் பலவீனப்படும். அப்படி ஏதாவது தெரிந்தால், அந்த எண்ணெயை உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

ஆகவே தரிசிலும் வரப்பிலும் பிரம்மதண்டைக் காய் முற்றும் முன்பே வேரோடு களைந்துவிடுங்கள். எந்தச் செடி என்று தெரியாத விதையை அடுப்படிக்குக் கொண்டுபோகாதீர்கள். பிள்ளைகளுக்கும் பூவை எண்ணிப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள்.