வேலையில் இருந்த சுமை

தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு தலைமுறைக்கு முன் உடம்பு வலுக்கவென்று யாரும் தனியாக நேரம் ஒதுக்கியதில்லை. விடியுமுன் ராகிக்கல் சுற்றும். பொழுது சாய்ந்தால் களிப்பானை. கொதிக்கும் பானை நகராதபடி கவைக்கோலைக் கொடுத்துக் காலால் மிதித்துக்கொண்டு, இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்துப் பெண்கள் கிண்டுவார்கள். மாவு இறுக இறுகத் துடுப்பு நகர மறுக்கும். தோளும் முதுகும் தொடையும் சேர்ந்து வேலை செய்தால்தான் களி கட்டி தட்டாமல் வரும். ஆண்களுக்கு ஏரும் மூட்டையும். தனிப் பயிற்சி என்பது வேறிடங்களில்தான்: எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தில் கரடி மனை என்னும் உடற்பயிற்சிக் கூடங்களில் குஸ்தி, கர்லாக்கட்டை, தண்டால், தென்மாவட்டங்களில் இளவட்டக்கல் தூக்குவது.

ஆனால் வீட்டிலும் வயலிலும் செய்த அந்த உழைப்புக்கு அளவும் கிடையாது, ஓய்வும் கிடையாது. காய்ச்சலானாலும் மாவு அரைத்தாக வேண்டும். வலுவோடு தீராத மூட்டுவலியும் பலருக்குச் சேர்ந்தே வந்தது.

1970களில் பக்கத்து ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. லாரி, கடிகாரம், இன்று மின்னணு உதிரிபாகம் என்று ஆலைகள் பெருகின. கிராமத்துப் பெண்கள் ஷிப்ட் பஸ் ஏறுகிறார்கள். மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றோ உட்கார்ந்தோ வேலை. விரல்கள் ஓயாமல் ஓடுகின்றன, தொடைக்கும் முதுகுக்கும் வேலையில்லை. ராகியை மில் அரைக்கிறது. களைப்பு அப்படியே இருக்கிறது, தசைக்கு வலுத் தரும் சுமைதான் போய்விட்டது. நடுவயதுக்கு மேல் தசை தானாகவே குறைந்துகொண்டு போகும் என்பதால் இது சின்ன இழப்பல்ல.

போன சுமையை அளவோடு திரும்பக் கொண்டுவர ஒரு வழி உண்டு: எடைப்பயிற்சி. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலார்ம், காயம்பட்ட வீரர்களுக்கு எடையைப் படிப்படியாகக் கூட்டிப் பயிற்சி கொடுத்து, 1945இல் அதை எழுதி வெளியிட்டார். எடைப்பயிற்சியின் அடிப்படை இன்றும் அதுதான். உட்கார்ந்து எழுவது, தள்ளுவது, இழுப்பது, குனிந்து தூக்குவது: இந்த நான்கு போதும். 8 முதல் 12 முறை செய்யும்போது கடைசி இரண்டு முறை சிரமப்பட வேண்டும். அது சுலபமானால் எடையைக் கொஞ்சம் கூட்டலாம். தூக்கும்போது முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து குனிய வேண்டும், மூச்சை அடக்கக் கூடாது. அதே தசைக்கு இடையில் ஒருநாளாவது ஓய்வு வேண்டும். ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருந்தால் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். வாரம் இரண்டு நாளாவது தசைக்குப் பயிற்சி தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொல்லியிருக்கிறது.

இப்போது ஜிம்முக்குப் போவதென்றால் பையன்கள் சமாச்சாரம் என்றே வீடுகளில் நினைக்கிறார்கள். ஷிப்ட் முடித்து வந்து சமையலும் பார்க்கும் பெண்ணுக்குத்தான் அது அதிகம் தேவை. எவ்வளவு தூக்குவது, எப்போது நிறுத்துவது என்று தீர்மானிக்கும் உரிமை அவள் பாட்டிக்கு இருந்ததில்லை. இவளுக்கு அது கிடைக்க, வாரம் இரண்டு முறை அரைமணி நேரம் வீட்டுவேலையை மற்றவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.